கால்வெஸ்டன் போகாத சாம்பல் நிறக் கார்

பெட்ரோல் வாசனையும் சூடான டோனட்டின் சர்க்கரை வாசனையும் கலந்து வரும்... சனிக்கிழமை காலை என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. சுகர் லேண்ட் என்ற அமெரிக்க ஊரில் ஒரு டோனட் கடையின் பார்க்கிங் லாட். எங்கள் ஏரியா ஹாட் ராட் கிளப் அங்கேதான் கூடும். எந்தக் காலத்துக் காரையோ தேடிப் பிடித்து, உள்ளே பெரிய எஞ்சின் வைத்து, பானெட்டைத் திறந்து போட்டுப் பெருமையாக நிற்பார்கள்.

என்னை அங்கே இழுத்துப் போனவன் காதர். கீழக்கரைக்காரன். காலேஜில் என் ரூம்மேட், இங்கே ஒரே அப்பார்ட்மென்டில் என் மேல் வீட்டுக்காரன். எனர்ஜி கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். நானோ சாஃப்ட்வேர். ஆயில் மாற்றக்கூட கடைக்குப் போகிற ஆள்.

"நீ சும்மா வந்து நில்லு மாப்ள. டார்ச் புடிக்க ஆள் வேணும்ல..."

கிளப் தலைவர் டேல். ரிட்டயர்ட் தீயணைப்பு வீரர். முதல் நாள் எங்களைப் பார்த்ததும், வழி கேட்க வந்தவர்கள் என்று நினைத்து ஃப்ரீவே பக்கம் கையைக் காட்டினார். காதர் அவருடைய எஞ்சினைக் காட்டி கார்புரேட்டரைப் பற்றி ஏதோ கேட்டான்... அன்று மதியம் நாங்கள் மூன்று பேரும் டேல் வீட்டு கராஜில் இருந்தோம்.

அடுத்த மாதமே ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து துருப்பிடித்த டூ டோர் கார் ஒன்றைக் காதர் வாங்கிவிட்டான். அப்பார்ட்மென்டில் வைக்க இடம் ஏது? டேல் தன் கராஜில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார்.

அப்புறம் எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் அங்கேதான். காதர் மனைவி ஃபாத்திமா மட்டன் சமோசா கொடுத்தனுப்புவார். டேல் வியர்க்க வியர்க்கத் தின்பார். கிளப் பார்பெக்யூ நடந்தால் காதருக்காகப் பன்றிக்கறி படாத தனி அடுப்பு எரியும். யாரும் சொல்லிச் செய்ததில்லை... டேலே கொண்டுவந்து வைப்பார்.

எஞ்சின் முதன்முதலாக ஸ்டார்ட் ஆன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவே அதிர்ந்தது. காதர் உள்ளே ஓடி, டேல் வீட்டு கார்ட்லெஸ் ஃபோனில் கீழக்கரைக்கு டயல் செய்து, ரிசீவரை எஞ்சின் பக்கம் நீட்டினான்.

"வாப்பா, கேக்குதா? நம்ம வண்டி... கேக்குதா?"

டேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெயின்ட் மட்டும்தான் பாக்கி. சாம்பல் நிற பிரைமரோடு நின்றது கார். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் கிளப் கார்கள் வரிசையாகக் கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போகும். அந்த வருடம் நாங்களும் போவதாக இருந்தோம். காதர் ஓட்ட, டேல் பக்கத்தில், நான் பின்னால்.

அது 2001. காதரின் கம்பெனியில் ஆட்குறைப்பு... லிஸ்டில் இவனும். கிரீன் கார்டு பாதியில் நின்றது. உடனே வேறு கம்பெனி விசா கொடுக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். எங்கே அப்ளை பண்ணினாலும் பதில் இல்லை. டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

விஷயம் டேலுக்குத் தெரிந்ததும், கால்வெஸ்டன் பயணத்தை முன்னாலேயே வைத்துவிடலாம் என்றார். காதருக்குச் சொல்லாமல், ஒரு புதன்கிழமை எல்லோரும் லீவு போட்டார்கள். காலையில் அப்பார்ட்மென்ட் வாசலில் உறுமிக்கொண்டு கார்கள் வந்து நின்றன. முன்னால் எங்கள் சாம்பல் கார். ஸ்டியரிங்கில் டேல்.

காதர் படியிறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, டை, கையில் ஃபைல்.

டாலஸில் ஒரு இன்டர்வியூ. முந்தின நாள் சாயந்திரம்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நான் என்னடா பண்ணட்டும் மாப்ள?"

டேல்தான் இறங்கி வந்து, அவன் டையைச் சரிசெய்துவிட்டு, "கோ கெட் இட், சன்" என்றார். காதர், தான் ஆஃபீஸ் போய்வந்த பழைய காரை எடுத்துக்கொண்டு போனான். வரிசையாக நின்ற ஹாட் ராட்களைக் கடக்கும்போது ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்தினான்.

அன்று யாரும் கால்வெஸ்டன் போகவில்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் காதரையும் ஃபாத்திமாவையும் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். காதர் திரும்பி வருவான் என்று டேல் வருடக்கணக்கில் காரை மூடி வைத்திருந்தார். டேல் இறந்த பிறகு அவர் மகள் கராஜைக் காலி செய்தாள்... கார் ஓக்லஹோமா பக்கம் யாரிடமோ போய்விட்டது. எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

போன வருடம் காதர் நியூ ஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்க வந்தான். இரண்டு நாள் என்னிடமும் வந்து தங்கினான். தலை முழுக்க நரை. என் எலெக்ட்ரிக் காரில் கால்வெஸ்டன் போனோம். சத்தமே இல்லாத ஒரு மணி நேரம்.

கடற்கரைத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே சொன்னான்.

"டாலஸ்ல அன்னிக்கு என்னென்னவோ கேட்டாங்கடா. எல்லாத்துலயும் தடுமாறிட்டேன். கடைசியா, வீக்கெண்ட்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க..."

என் பக்கம் திரும்பினான்.

"அது ஒண்ணுக்குத்தான் நல்லா பதில் சொன்னேன். போதும் மிஸ்டர் காதர்னு அவங்களே நிறுத்துற வரைக்கும் சொன்னேன்."