பதினாலாவது நிமிடம்

சனிக்கிழமை சாயங்காலமானால் ரத்தினபாய் டீச்சர் வீட்டிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்கும். ஒரே ஒரு ஆள் தட்டுகிற சத்தம். ஒரு நிமிடம் கேட்கும், பிறகு நின்றுவிடும். மாடியில் குடியிருந்த சிவகுமார் ரொம்ப நாள் வரைக்கும் டீச்சர் கொசு அடிக்கிறார் என்றே நினைத்திருந்தார். சேலையூர் ஏரிப் பக்கத்தில் குடியிருக்கிற மனுஷன் வேறு என்ன நினைப்பார்.

அது கொசு இல்லை. ரொமேனியா தேசத்தில், மலைகளுக்கு நடுவே, வால்யா ஸாக்கா என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு மினேருல் என்று ஒரு கால்பந்து கிளப். அவர்கள் சொந்த மைதானத்தில் ஆடும்போது பதினாலாவது நிமிடம் வந்தால் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று அந்த நிமிடம் முடியும்வரை கைதட்டுவார்கள். பதினாலாம் நம்பர் ஜெர்சி போட்டிருந்த ஒரு பையன் இறந்துபோனதற்காக அந்த மரியாதை. அந்தப் பையன் டீச்சரின் ஒரே மகன் எபி. செல்போனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து டீச்சரும் இங்கே தட்டுவார்.

எபி பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு மறைமலை நகரில் கான்ட்ராக்டில் வெல்டிங் பார்த்தான். பிறகு ஏஜென்ட் மூலமாக ரொமேனியா போனான். அங்கே லீவு நாளில் அறையில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் மைதானத்துப் பக்கம் போனவனை, ஆள் குறைகிறது என்று இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பதினாலாம் நம்பர் என்பது அநேகமாக பெஞ்சில் உட்காருகிற நம்பர். ஒரே ஒரு கோல் போட்டிருக்கிறான், அதுவும் பந்து அவன் முழங்காலில் பட்டு தானாக உள்ளே போனது. அந்த வீடியோவைத் தாம்பரத்தில் பார்க்காத உறவுக்காரர் கிடையாது. இரண்டாவது குளிர்காலத்தில் வேலைக்குப் போன வேன் பனியில் சறுக்கியது. மீனம்பாக்கத்துக்குப் பெட்டி வந்தபோது கூடவே மடித்த ஜெர்சி ஒன்றும் வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு நடந்த ஒன்றைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. எபி பேரைச் சொன்னால் டீச்சர் அழுதுவிடுவார் என்று எல்லோரும் அவன் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். சர்ச்சில், ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில், சொந்தத் தங்கை வீட்டில்கூட. நல்ல மனசோடு செய்கிற கொடுமைக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? அவனை வாய்விட்டு நினைக்கிற இடம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த மலையூர் மைதானம் ஒன்றுதான்.

ஆட்டத்தைப் போனில் காட்டுகிறவர் டோரு. அந்தக் காலத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது கிளப்பின் ஜெர்சிகளைத் துவைத்து அடுக்குகிறவர். அவர் தன் பாஷையில் எழுதுவார், போன் அதைத் தமிழாக்கிக் கொடுக்கும். “மதிப்பிற்குரிய தாயே, இன்று மைதானம் சேறாக உள்ளது” என்று வரும். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற டீச்சருக்கு லீக் பட்டியல் சுலபமாகப் பிடிபட்டது. ஆஃப்சைடு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

கிளப்பின் கதையையும் டோருதான் சொன்னார். சுரங்கத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கிளப், அதனால் அந்தப் பேர். மினேருல் என்றால் சுரங்கத் தொழிலாளி. ஒரு காலத்தில் இரண்டாம் டிவிஷனில் ஆடியது. பெரிய நகரத்து டீம்களெல்லாம் மலையேறி வந்து தோற்றுப்போய் இறங்கும். சுரங்கத்தை மூடினார்கள், கிளப்பும் மூடியது. பிறகு ஒரு மரச்சாமான் கம்பெனிக்காரர் அதை எடுத்து, தன் கம்பெனி பேரையும் பச்சை ஜெர்சியையும் மாட்டினார். ஊர்க்காரர்கள் மைதானத்துப் பக்கமே போகவில்லை. கம்பெனி நொடித்ததும் அதுவும் போயிற்று. பழைய சுரங்க ஆட்கள் ஒன்று கூடி, பழைய பேரோடும் கறுப்பு மஞ்சள் ஜெர்சியோடும், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற மாவட்ட லீகிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். சுரங்கமே இல்லாத ஊரில் சுரங்கத் தொழிலாளி என்று பேர் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

“ரெண்டு தடவை செத்து எழுந்திருக்கு சுஜி,” என்றார் டீச்சர். சுஜி அதே ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர், சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர்.

“பைபிள்ல லாசருவே ஒரு தடவைதானேக்கா எழுந்தான்,” என்றார் சுஜி.

போன வருஷம் மினேருல் நன்றாக ஆடிவிட்டது. மாவட்ட லீகில் முதலிடம். பக்கத்து மாவட்டத்து சாம்பியனோடு ஆடி ஜெயித்தால் மூன்றாம் டிவிஷனுக்கு ஏறலாம். டீச்சர் அதைச் சொன்னதும் சுஜி சும்மா இருப்பாரா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து விண்ணப்பம் வைத்துவிட்டார். வேலை, விசா, கல்யாணம், கர்ப்பப்பைக் கட்டி என்று வழக்கமான விண்ணப்பங்களுக்கு நடுவே ரொமேனியா கால்பந்து கிளப். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும். சங்கிலி ஜெபம் போட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் உபவாசம் இருந்தார்.

ஆட்டத்துக்கு முன்னால் டோரு எழுதியிருந்தார்: “தாயே, நாங்கள் தோற்றால் நல்லது. மேலே உள்ள இடம் எங்களுக்குப் பெரியது.”

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார். இவன் ஏழாவதிலேயே இருக்கட்டும் டீச்சர், எட்டாவது கஷ்டம் என்று கெஞ்சுகிற அப்பாக்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பார். “பயப்படாதீங்க, பாஸாகட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்று பதில் போட்டார். பாஸானவன் கெட்டுப்போவான் என்று எந்த வாத்தியார் நம்புவார்?

மினேருல் ஜெயித்தது. கடைசி நிமிட கோல். அடுத்த ஞாயிறு டீச்சர் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். ஐக்கிய சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அன்றைக்கு ஒருத்தி மறந்துபோய், “எபி இருந்திருந்தா குதிச்சிருப்பான்ல டீச்சர்,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் அழவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் டிவிஷன் என்பது வேறு உலகம் என்று பிறகுதான் தெரிந்தது. சின்னப் பையன்களுக்குத் தனி டீம் வேண்டும், மைதானத்தில் டாக்டர் வேண்டும், ராத்திரி முழுக்க பஸ்ஸில் போய் ஆட வேண்டும். ஊராட்சி ஆபீஸ்காரர்கள் கொஞ்ச நாள் பஸ் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். நன்றாக ஆடிய பையன்களை மற்ற கிளப்புகள் கொத்திக்கொண்டு போயின. மிச்சமிருந்தவர்கள் வாரா வாரம் உதை வாங்கினார்கள். ஒன்பது கோல் வாங்கிய அன்றும் டீச்சர் பதினாலாவது நிமிடத்தில் கை தட்டினார். அதற்குள்ளாகவே நான்கு கோல் விழுந்திருந்தது. ஆனாலும் அங்கே ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

அக்டோபரில் ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு ஆள் சேராமல் டீம் போகவே இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் லீகிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள் என்று டோரு எழுதினார். ஆட்டம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நடுவில் ஏழுக்குக் கீழே போனாலும் ரெஃபரி நிறுத்திவிடுவார், அதுவும் வராததாகத்தான் கணக்கு.

“நான்தான் கெடுத்துட்டேன் சுஜி,” என்றார் டீச்சர். “அந்த மனுஷன் தோத்தா நல்லதுன்னு சொன்னாரு. நான் உபவாசம் இருந்து பிடிச்சு மேல தள்ளுனேன். கீழேயே இருந்திருந்தா நூறு வருஷம் தட்டியிருப்பாங்க.”

“நாங்களும்தான்கா ஜெபம் பண்ணோம்,” என்றார் சுஜி.

அந்தச் சனிக்கிழமை தாம்பரத்தில் விடாமல் மழை. கரண்ட் போய்விடுமோ என்று பயந்து டீச்சர் காலையிலேயே போனை சார்ஜில் போட்டுவைத்தார். சுஜி துணைக்கு வந்திருந்தார், தண்ணீர் தேங்கிய தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. போனில் அந்த ஊர் மைதானம் தெரிந்தது. அங்கேயும் வானம் இருட்டிக்கொண்டுதான் இருந்தது. கறுப்பு மஞ்சள் ஜெர்சியில் பையன்கள் வரிசையாக வந்தார்கள். டீச்சர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஏழு பேர்.

“போதும்,” என்றார். “ஜெயிக்க வேணாம் ஆண்டவரே. நின்னா போதும்.”

ஆட்டம் தொடங்கியது. முதல் கோல் விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. டீச்சர் கோலைப் பார்க்கவில்லை, திரையின் மூலையில் ஓடுகிற கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு. ஒன்பது. ஓரத்தில் கிழவர்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு காத்து நின்றார்கள். பத்தாவது நிமிடத்தில் பந்துக்குப் பாய்ந்த ஒரு பையன் ஈரத்தில் வழுக்கிக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“எழுந்திருப்பா,” என்றார் டீச்சர் போனைப் பார்த்து. “மெதுவா எழுந்திரு. சும்மா நில்லு, ஓட வேணாம்.”

பையன் எழுந்தான். காலை ஊன்றிப் பார்த்தான். ஊன்ற முடியவில்லை. இரண்டு பேர் அவனைத் தாங்கிக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார்கள். ரெஃபரி மிச்சம் நின்றவர்களை எண்ணினார். டோரு போனைப் பிடித்தபடியே அவரிடம் ஓடி ஏதோ கெஞ்சுவது கேட்டது. பாஷை தெரியாவிட்டாலும் கெஞ்சல் புரிந்தது. பதினாலு என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன சொல் என்று டீச்சருக்குத் தெரியும். அந்தச் சொல் இரண்டு தடவை வந்தது. ரெஃபரி தலையாட்டினார், முடியாது என்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சட்டம் அப்படி. விசில் ஊதினார். கடிகாரத்தில் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

எதிர் டீம் பையன்கள் கை கொடுத்துவிட்டு ஓட்டமாக உள்ளே போனார்கள். கிழவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தர் கிளம்ப, மற்றவர்களும் கிளம்பினார்கள். படம் ஆடியது, புல் தெரிந்தது, டோருவின் ஷூ தெரிந்தது, பிறகு திரை கறுத்துவிட்டது.

வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுஜிக்குப் புரிந்தது. அவரும் கூடவே பார்த்தார். முள் நகர்ந்தது. நேரம் வந்தபோது சுஜி தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் சுஜி. அவங்க தட்டுவாங்க, நான் கூடச் சேந்து தட்டுவேன். அவ்வளவுதான். அவங்களே இல்லாம நான் தனியா என்னத்தைத் தட்டுறது.”

மாடியில் சிவகுமாருடைய டிவி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் சுஜியின் கையை விடவில்லை. அந்த நிமிடம் வந்து, இருந்து, போயிற்று. அங்கேயும் யாரும் தட்டவில்லை, இங்கேயும் யாரும் தட்டவில்லை.