தொட்டியை வெட்டிய நாள்

மாமா உள்ளேயிருந்து பேசினால் முதலில் தொட்டி அதிரும், பிறகுதான் எங்கள் காதுக்குச் சொல் வரும். மேலே இருந்த வட்டத் துளை வழியே, கைகளை உயரத் தூக்கி உடம்பைத் திருகித்தான் அவர் இறங்க முடியும். மாமா என் அக்காவின் கணவர். திருப்போரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நான் வெளியே நின்று காற்றுக் குழாயைப் பார்த்துக்கொள்பவன். மாமல்லபுரத்துக்கு அருகே ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் கடல்நீரைச் சூடாக்கும் எவர்சில்வர் தொட்டி அது.

வெல்டிங் போட்ட கோட்டில் அது ஒருநாளும் ஒழுகியதில்லை. கோட்டை ஒட்டி, விரலகலம் தள்ளி, மயிரிழையாக விரிசல் ஓடும். துருவைத் தடுக்கும் குரோமியம், வெல்டிங் சூட்டில் எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்துகொண்டுவிடுகிறது. காவல் இழந்த அந்த ஓரத்தை உப்புநீர் அரிக்கிறது. அடைப்பதற்காக மறுபடி சூடு காட்டினால், கேடு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் உட்காரும். மாமா பண்ணை முதலாளியிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். “தையலு நல்லாத்தான் கீது சார். பக்கத்துல துணிதான் நைஞ்சி பூட்ச்சி. இந்தத் தகட்ட வெட்டிட்டு, கார்பன் கம்மியான புதுத் தகடு போடணும்.”

“இந்த ஒரு தடவ ஓட்டிடுப்பா” என்பார் முதலாளி. பட்டறைக்கு வேறு வேலை வராத காலம். மாமா மறுபடி இறங்குவார்.

அன்று வெயிலில் தொட்டி கொதித்தது. வெகுநேரம் தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி வெல்டிங் போட்டவருக்கு, வெளியே வர எழுந்தபோது வலது தோள் பிடித்துக்கொண்டது. துளையில் தலையும் ஒரு கையும் வந்தன; தோள் வரவில்லை. உள்ளேயே சரிந்தார். “டேய், வெளிய இஸ்துடுடா. மூச்சு முட்டுது.” அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

முதலாளி கயிறு கட்டித் தூக்கச் சொன்னார். இழுத்ததும் எழுந்த அலறலில் கயிற்றை விட்டுவிட்டேன். கட்டிங் மெஷினை எடுத்தேன்.

“தொட்டிய வெட்டாதப்பா, நாளைக்குத் தண்ணி ரொப்பணும்!”

“ஆளு உள்ள கீறாரு சார், நவுருங்க.”

மாமாவை ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒண்டச் சொல்லிவிட்டு, விரிசல் விழுந்த தகட்டைச் சுற்றியே வெட்டினேன். தகடு மணலில் விழுந்தது. மாமா தவழ்ந்து வந்து, கடல் காற்றில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, “இனிமே புதுசுதான் போட்டாவணும்” என்றார். குரலில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. புதுத் தகட்டை வேறு யாரோ போட்டார்கள்.

இப்போது மாமா பட்டறையில் கேட் மட்டும் செய்கிறார். சென்ற வாரம் செங்கல்பட்டில் இருவரும் மின்சார ரயில் ஏறினோம். பெட்டி காலியாகத்தான் இருந்தது.

“உள்ள வா மாமா, சீட்டு கீது.”

“நீ குந்து.”

இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வலது கை இன்றும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முதல் ஆளாகப் பிளாட்பாரத்தில் இறங்கினார். வண்டி நகரத் தொடங்கிய பிறகே ஏறினார்.