டிவியில் வந்த குடும்ப ஜெபம்

மனைவியை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகியும் எங்கள் வீட்டில் மாலை ஜெபம் நடக்கவில்லை. பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள். அவள் பாடி முடித்த பிறகு நான் சங்கீதம் வாசிப்பேன். எனக்குப் பாட்டு வராது. அழுகையும் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்த மகன் எங்கள் ஜெபத்தை வீடியோ எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். அந்தக் கம்ப்யூட்டரில் சத்தம் கேட்காது. முன்னறை டிவிக்கு அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. துபாயிலிருக்கும் மகனைப் போனில் கூப்பிட்டேன்.

"எப்பா, முதல்ல ஒரு கட்டம் வந்து, அனுமதிக்கலாமான்னு கேட்டுச்சா?"

"கேட்டுது மக்கா. வேண்டாம்னு அமுக்கிட்டேன். கம்ப்யூட்டர் என்ன கேட்டாலும் வேண்டாம்னு அமுக்கணும்னு உங்க அம்மைதானே சொல்லி வச்சிருக்கா."

"அம்மை சொன்னத நல்லா கேட்டிய போங்க. அதான் கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கிற ஃபயர்வால் தடுத்து வச்சிருக்கு" என்று சிரித்தான்.

அவன் சொல்லச் சொல்ல, ஃபயர்வால் பட்டியலில் அந்த வீடியோ ஆப்பைத் தேடி, வீட்டு நெட்வொர்க்குக்கான கட்டத்தில் டிக் போட்டேன். டிவியில் அவள் வந்தாள். பாடினாள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும்.

பாட்டு முடிந்ததும் அவள், வீடியோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, "என்ன பாத்துட்டு இருக்கிய? வேதத்த எடுங்க" என்றாள்.

அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். அடையாள நாடா கிடந்த பக்கத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தேன். போனில் மகன் "ஆமென்" என்றான்.