பெரியப்பாவுக்கு மொட்டை போட்டவர்கள்

பெரியப்பாவின் உயிலை நான் படித்துச் சொன்னபோது அப்பா இருந்தார், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த சித்தப்பா இருந்தார், அம்மா ஓரமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இல்லாதவர் ஒருவர்தான்: உயிலில் பெயர் இருந்தவர்.

இங்கிலீஷ் உயில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளையில்லாத பெரியப்பா பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் வீட்டையும் மூன்று கறவை மாடுகளையும் தனக்குச் சவரம் செய்துவந்தவருக்கு எழுதி வைத்திருந்தார். காரணமும் சொல்லியிருந்தார்: "பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் வந்து என் பேச்சை முழுசாகக் கேட்டவர். ஒரு தடவைகூட எனக்குப் புத்தி சொன்னதில்லை."

"இன்னொருக்கா படிடா" என்றார் அப்பா.

படித்தேன். மாடுகள் மறுபடியும் அவருக்கே போயின.

ரயில்வேயில் ஆட்குறைப்பு நடந்து அப்பாவுக்கு வேலை போயிருந்த நேரம். இனி அந்தப் பாலை விற்றுத்தான் பிழைப்பு என்று நம்பியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சித்தப்பா கிள்ளானில் மனு எழுதுகிற ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தார். கருமாதியன்று பிள்ளை ஸ்தானத்தில் மொட்டை போடுகிறவன்தான் வாரிசாம். கோர்ட்டில் துரை அதைத்தான் பார்ப்பாராம்.

"அப்படி எந்தச் சட்டமும் இல்லை, சித்தப்பா."

"நீ படிச்சது ஏழாம் கிளாஸு. அவரு இருவது வருஷமா மனு எழுதுறாரு."

கொள்ளி வைத்தவன் நான், மொட்டையும் எனக்கே என்றார் அப்பா. சித்தப்பா விடவில்லை. கடைசியில் இருவரும் போடுவதென்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு வருகிற சவரக்காரரோ உயிலில் பெயர் இருந்த அவர் ஒருவர்தான். உயிலைப் பற்றி அவரிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

கருமாதியன்று தகரப்பெட்டியோடு வந்தார். அப்பாவுக்கு முடித்துவிட்டுச் சித்தப்பாவின் வலதுபக்கத் தலையை வழித்தார்.

"மீசையுமாண்ணே?"

"எல்லாத்தையும் எடு. தொரை பாக்கணும்."

"எந்தத் தொரைண்ணே?"

சித்தப்பா இருமினார். அம்மா தாம்பாளத்தில் கூலியைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. அண்ணனுக்குச் செய்யிற கடைசி வேலை. இதுக்குப் போயி காசு வாங்குவேனா?"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரத்தைப் பார்த்து, "அப்ப மொட்ட போடவேண்டியது நான்தானுங்களே?" என்று கேட்டார். பண்டாரம் கொஞ்சம் யோசித்து, முறை அதுதான் என்றார்.

"என் தலைய நானே செரைக்க முடியாதுண்ணே. நீங்க கொஞ்சம் போட்டு விடுங்க" என்று சித்தப்பாவிடம் கத்தியை நீட்டினார்.

"மொதல்ல எனக்கு மீதிய முடிச்சு விடு!"

"புள்ளைக்கு ஆனப்புறம் உங்களுக்கு."

"பாதித் தலையோட நான் எப்படிலா கிள்ளானுக்கு ரயிலேறுறது?"

தெருவே கூடிநின்று பார்க்க, சித்தப்பா அவருக்கு மொட்டை போட்டார். நாலைந்து இடத்தில் ரத்தம். அவர் அதைத் துண்டால் ஒற்றிவிட்டு, சித்தப்பாவின் மீதித் தலையை வழித்து முடித்தார்.

அப்படியும் அப்பாவும் சித்தப்பாவும் வழக்குப் போட்டார்கள். எங்கள் லாயர் முழு வழக்கையும் மொட்டையின் மேல் கட்டியிருந்தார். எதிர்த்தரப்பு லாயர் சித்தப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: என் கட்சிக்காரருக்குப் பிள்ளை ஸ்தானத்தில் மொட்டை போட்டது யார்?

"நான்தான்" என்றார் சித்தப்பா. அதோடு நிறுத்தவில்லை. "மொத தடவைக்கு நல்லாவே போட்டேன், தொரை."

வழக்கு தள்ளுபடியானது. இரண்டு பக்கத்து லாயர் கூலி, கிள்ளான் ரயில் சார்ஜ், சாட்சிக்கு வந்த பண்டாரத்தின் மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து, அம்மாவின் வளையலை அப்பா விற்றுக் கட்டியது உட்பட, ஆன செலவு இருநூற்றுப் பதினாறு வெள்ளி.