பந்தலில் ஹொப்ஸ்

புலம்பெயர்ந்து வந்த டார்னெய்ட் புறநகரில் நான் புல் வெட்டப் போகும் வீடுகளில் ஒன்று அது. வீட்டுக்காரர் நெட்டையான மனிதர். காதெல்லாம் வெள்ளை மயிர். பியருக்குக் கசப்புக்காகப் போடும் ஹொப்ஸ் கொடியைப் புடலங்காய்க்குப் போடுவதுபோலத் தட்டைப் பந்தலில் ஏற்றியிருந்தார். இங்கே அதை நேரே கயிற்றில்தான் ஏற்றுவார்கள். சொன்னேன்.

"கொடியெண்டால் பந்தல்தானே," என்றார்.

இங்கே கோடை முடியும் மார்ச் மாதம் பச்சைப் பூக்கள் தலைக்கு மேலே தொங்கின. அவர் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருந்து, கொடியை இழுத்து, பூவைக் காதருகே வைத்து நசுக்கிப் பார்ப்பார். காகிதம்போலச் சரசரத்தால்தான் பறிப்பார்.

"அங்கிள், பியர் காய்ச்சப் போறியளோ?"

"சீ, நான் குடிக்கிறேல்லை. மனுசிக்கு நித்திரை இல்லைத் தம்பி. மருந்தெல்லாம் பாத்தாச்சு. இதைத் தலகாணிக்குள்ள வைச்சால் நித்திரை வருமாம்."

பின்வளவுப் புல்லை வெட்டி முடித்து மெசினை நிறுத்தினேன். அவர் கதிரையிலேயே தூங்கிவிட்டிருந்தார். மடியில் தலையணை உறை. விரல்களில் பூவின் மஞ்சள் தூள். குசினிக் கதவால் அன்ரி வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எனக்கெண்டு வளத்தது, ஆருக்கு வேலை செய்யுது பாருங்கோ," என்று மெல்லச் சிரித்தார். உறையை மெதுவாக எடுத்து, பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து தானே பறிக்கத் தொடங்கினார். அன்ரியும் ஒவ்வொரு பூவையும் காதில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

முன்பக்கம் கூட்டிவிட்டு மெசினை எடுக்க வந்தேன். அன்ரியின் தலை அங்கிளின் தோளில் சாய்ந்திருந்தது; கண்கள் மூடியிருந்தன. உறை பாதிகூட நிரம்பவில்லை.

தூங்க வைத்தது பூவின் மணமா, பந்தல் நிழலா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மெசினை உருட்டாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.