மங்களம் பாடாத காளியப்பன்

உடுக்கையைக் காதருகே தட்டிப் பார்த்துவிட்டு, கள்ளுக்கடைக்கு எதிரே துண்டை விரித்து உட்கார்கிறார் காளியப்பன். காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு, சம்பள நாள் மாலையில் கள்ளுக்கு எதிராகப் பாட்டு. ஜொகூரில் தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தில் இது எழுதாத சட்டம். ஆள் ஒல்லி, குரலோ அடுத்த தோட்டத்து நாயையும் எழுப்பிவிடும்.

"ரப்பரு மரம் தந்த காச
தென்ன மரம் திங்குதடா!"

துரைக்குத் தமிழ் தெரியாது. கங்காணிக்குத் தெரியும், தன் பெயர் வராதவரை அவருக்குக் கவலையில்லை. கடைக்காரர் வீரமுத்துவோ பாடகர் உட்காரப் பலகையே போட்டுக் கொடுத்தார். தன் பாட்டுக்குப் பயந்துதான் இந்த உபசாரம் என்று காளியப்பன் பூரித்துப்போயிருந்தார்.

அந்தப் பூரிப்பில் மண்ணைப் போட்டவள் மனைவி செல்லம். "நீங்க பாடுறதக் கேக்கத்தான் நாலு தோட்டத்துச் சனம் அங்க வருது. வந்தவன் சும்மாவா போறான்? எங்கண்ணன் ஒங்க பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டேதான் ரெண்டாவது மங்கு கள்ளக் குடிக்குது."

காளியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்த ஐயாசாமியைக் கள்ளுக்கு வாரிக் கொடுத்த வயிற்றெரிச்சலில்தான் அவர் உடுக்கையையே தொட்டார். அந்தக் கடைக்கே ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறோமே என்று மனிதர் குமைந்து போனார்.

அடுத்த சம்பள நாளில் மாரியம்மன் கோயில் வாசலில் விளக்கேற்றி, ஆத்தா கதையை எடுத்தார். கேட்க உட்கார்ந்தவன் மங்களம் பாடும் முன் எழுந்தால் அம்மை வார்க்கும் என்பது தோட்டத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். கூட்டம் நம்பி உட்கார்ந்தது. ஆத்தா பிறந்தாள், வளர்ந்தாள், கப்பலேறி ஜொகூர் வந்தாள், பால் வெட்டினாள், கூலி போதாதென்று துரையிடம் சண்டைக்கும் போனாள். கதை முடிகிற வழியாக இல்லை. நாக்கு வறண்ட ஆண்கள் நெளிந்தார்கள். பெண்கள் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள். கடை மூடும் மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஈ ஓட்டி அலுத்த வீரமுத்து, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "மங்களத்தப் பாடிருங்கண்ணே. விடிஞ்சா அத்தனையும் புளிச்சிரும் லா."

"பாடிருவோம் தம்பி," என்றார் காளியப்பன், வெகு பணிவாக. "ஆத்தா கதைய நின்னுக்கிட்டா கேக்கிறது? உக்காருங்க."

பதற்றத்தில் வீரமுத்துவும் உட்கார்ந்துவிட்டார்.

காளியப்பன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். உடுக்கையை எடுத்து, ஆத்தா பிறந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.