பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

தமிழ்நாட்டு விஞ்ஞான வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் 1994 ஜூலை 14. அன்றுதான் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம், "வருக" என்று வாய்திறந்து சொல்லும் பெட்டி ஒன்றை உலகுக்கு வழங்கவிருந்தது. பொன் கைவசம் இல்லாததால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறேன். எழுதுவது அத்தனையும் நடந்தது.

பெட்டியைச் செய்தவன் அங்கே தற்காலிக ஆசிரியனாக இருந்த கணேஷ்ராம். ஒரு சின்ன கம்ப்யூட்டர் பலகை. அதன் குரலைப் பெருக்க, மைக் செட் கடை கிருபைராஜிடம் பழையதாக வாங்கிய ஆம்ப்ளிபையர். காலை ஒத்திகையில் "வருக"வுக்கு முன்னால் ஓர் உறுமல் வந்தது.

நிலையத் தலைவர் ஐயம்பெருமாள் விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பியூஸ் போட ஆள் தேடுவார். அவர் சொன்னார்:

"மூணு மணிக்கு சபையில இது உறுமிச்சுன்னா நாளைல இருந்து நீரு வரவேண்டாம் வே. உறுமலேன்னா வேலை நிரந்தரம். ஆனா என்ன கோளாறுன்னு எழுத்துல தரணும்."

ரேடியோ பழுது பார்க்கும் என்னைக் கணேஷ்ராம் இழுத்து வந்தான்.

மணி 12:05. மாடி அறையில் நாங்கள் இருவர் மட்டும். கெப்பாசிட்டரை மாற்றினேன். எர்த் கம்பிகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பற்றவைத்தேன். டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தேன்.

ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்ம்.

மின்சார உறுமல் இடைவிடாமல் வரும். இது விட்டு விட்டு வந்தது. இரண்டு குட்டை. ஒன்று நீளம்.

ஆம்ப்ளிபையருக்குள் ஒலி நுழையும் இன்புட் ஊசியை விரலால் தொட்டால் ஸ்பீக்கர் இப்படித்தான் உறுமும்.

"கையை எடுலே."

"எங் கை ரெண்டும் இங்கன இருக்கு அண்ணாச்சி."

12:31. ஆம்ப்ளிபையரிலிருந்து கம்ப்யூட்டர் பலகையின் கம்பியை உருவினேன்.

ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்ம்.

12:34. பிளக்கையே பிடுங்கினேன். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் பத்து நொடியில் தீர்ந்துவிடும். எண்ணினேன்.

பத்து...

இருபது...

நாற்பது...

ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்ம்.

"வேலை போனாப் போகுது. போயிருவோமா அண்ணாச்சி?"

ஆம்ப்ளிபையரின் பின்பக்கம் முழுக்கத் தூசி. இன்புட் ஊசியில் மட்டும்...

ஈரம்.

விரல்நுனி அளவு.

பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

சத்தம் நின்றது.

மூன்று மணிக்குப் பெட்டி தெளிவாக "வருக" என்றது. தலைவர் அதே ஆம்ப்ளிபையரில் ஒரு மணி நேரம் முழங்கினார். உறுமலே இல்லை. இருந்திருந்தால் பேச்சு கொஞ்சம் சுவையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கிருபைராஜிடம் போனேன்.

"அது யாரு வச்சிருந்த ஆம்ப்ளிபையர்வே?"

"கல்யாணம், கோயிலுக்கு மைக் செட் போடுவாரே, நம்ம ஞானையா அண்ணாச்சி, அவருது. செட்டு போட்டதும் விரலை நாக்குல நனைச்சு இன்புட்டைத் தொட்டுப் பாப்பாரு. ரெண்டு தடவை பைய தொடுவாரு. மூணாவது அமுக்கிப் பிடிப்பாரு. போன வருசம் ஒரு கல்யாண வீட்டுல ஷாக் அடிச்சு... மூணாவதுல கையை எடுக்க முடியலை. அங்கனயே போயிட்டாரு."

கணேஷ்ராமின் வேலை நிரந்தரமாக வேண்டுமே. தலைவருக்கு எழுதிக் கொடுத்தேன்:

"கோளாறு: எர்த் சரியில்லை."